ஏரிக்கரை வீடும் எழுத்துப் பாடமும்

பழவேற்காட்டு ஏரியைச் சூழ்ந்த குப்பங்களில் ஆறு வயது நிரம்பிய ஒரு குழந்தை, மடவைக்கும் கிழங்கானுக்கும் உள்ள வேற்றுமையை ஒரு பார்வையிலேயே சொல்லிவிடும். பச்சை நண்டின் கொடுக்கில் அகப்படாமல் அதை எந்தப் பக்கத்திலிருந்து தூக்க வேண்டும் என்பதை அறிந்திருக்கும். வாடைக்காற்று எழும்பினால் வீட்டில் அன்று என்ன பேச்சு நடக்கும் என்பதையும், அமாவாசையை ஒட்டித் தண்ணீர் எதுவரை ஏறும் என்பதையும் யாரும் உட்காரவைத்துப் போதிக்காமலே கற்றிருக்கும். அதே குழந்தை மூன்றாம் வகுப்புக்கு வந்த பிறகும் இரண்டாம் வகுப்புப் பாடத்தின் ஒரு பத்தியைத் தங்குதடையின்றிப் படிக்க இயலாமல் திகைத்து நிற்குமானால், அதன் புத்தியில் குறை காண்பது அநியாயம். அதற்கு நாம் தேர்ந்து கொடுத்த சாதனங்களிலும், அவற்றைக் கையாளும் முறையிலுமே குறை இருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

வீட்டுக் கல்வி என்ற சொல்லைச் சென்னையிலோ பெங்களூரிலோ கேட்கும்போது, படித்த பெற்றோர் இருவர் பள்ளிக்கூடத்தின் போக்கில் அதிருப்தியுற்று, மாண்டிசோரி முறையைக் கைக்கொள்வதா, வால்டார்ப் முறையைக் கைக்கொள்வதா என்று பல நாள் ஆராய்ந்து, நூல்களையும் விளையாட்டுச் சாமான்களையும் தருவித்து, அறையொன்றை ஒழித்துக் குழந்தைக்காக அமைக்கும் காட்சியே மனத்தில் எழுகிறது. பொன்னேரி வட்டத்தின் கிழக்குக் கோடியிலுள்ள கோட்டைக்குப்பத்திலும், இடமணியிலும், பசியாவரத்திலும், தோணிரேவிலும் இப்படிப்பட்ட தேர்வைச் செய்யும் அவகாசமும் பணமும் உள்ள குடும்பம் அபூர்வம். ஆயினும் 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தமிழகப் பள்ளிகள் பெருந்தொற்றினால் மூடப்பட்டு, ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் முதல் தேதிதான் மறுபடியும் திறக்கப்பட்டன. அந்த ஏறத்தாழ 19 மாதங்களில் இக்குப்பங்களின் ஒவ்வொரு வீடும், விரும்பியோ விரும்பாமலோ, பாடசாலையாகும் கடமையை ஏற்றது. எந்த முறையில் சொல்லிக்கொடுப்பது, எதை வைத்துச் சொல்லிக்கொடுப்பது என்ற கேள்வி அன்றைக்கு இந்தக் கரையில் முளைத்தது. பள்ளி திறந்துவிட்டதனால் கேள்வி தீர்ந்துபோகவில்லை.

அந்தக் காலத்தில் அரசாங்கம் சும்மா இருந்துவிடவில்லை. 2019 ஆகஸ்டில் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி வகுப்புவாரியாகப் பாடங்களை ஒளிபரப்பிற்று. பாடநூல்களின் பக்கங்களில் அச்சிட்ட கியூ.ஆர். குறியீடுகளைக் கைப்பேசியால் வருடினால் காணொளிகள் விரிந்தன. ஆனால் வீட்டிலுள்ள ஒரே கைப்பேசி தகப்பனாரோடு படகேறிப் போய்விடுகிற இடத்தில், பாடத்தின் நேரத்தைத் தொலைக்காட்சி நிலையம் நிர்ணயிக்க, வீட்டின் நேரத்தையோ நீரேற்றமும் சந்திரனும் மீன் ஏலமும் நிர்ணயிக்கிற இடத்தில், அந்தச் சாதனங்கள் எவ்வளவு தூரம் பயன்படும்? கருவி நல்லதா என்று பார்ப்பதற்கு முன், அது இந்த வீட்டின் நாளுக்குள் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். தாய் விடியலில் மீன்கூடையோடு புறப்பட்டு நண்பகலுக்குமேல் திரும்புகிறவள். தகப்பனார் இரவெல்லாம் வலையிலிருந்து பகலில் உறங்குகிறவர். இவ்வீட்டில் காலை பத்து மணிப் பாடம் யாருக்கும் உதவாது. மாலை விளக்கு வைக்கும் வேளைதான் படிப்புக்கு உரிய வேளை.

2021 அக்டோபர் 27-ஆம் தேதி விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில், ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற திட்டத்தை முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் தொடங்கிவைத்தபோது, அது ஒரு கடற்கரை ஊரில் தொடங்கியது பொருத்தமாகவே அமைந்தது. ஆரம்ப வகுப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவரும், நடுநிலை வகுப்புகளுக்குப் பட்டம் பெற்றவருமாக அதே ஊரைச் சேர்ந்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் இருபது குழந்தைகளைத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ கூட்டி வைத்துக் கற்பிப்பது அதன் கிரமமாயிருந்தது. தன்னார்வலருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை அளிக்கப்பட்டது. அத்தொகை போதுமா என்பது வேறு விவாதம். மீனவக் குழந்தைக்கு ஆசிரியையாக, அதன் வீட்டு நாளை அறிந்தவளும், அதன் பேச்சைப் பேசுகிறவளுமான ஒரு பெண்ணை அதே தெருவில் தேடிக்கொள்ளலாம் என்பது அத்திட்டத்தால் பிரத்தியட்சமாயிற்று. முறைகளைப்பற்றிய எந்தச் சர்ச்சைக்கும் முன்னால் இந்த ஒன்றை நான் வைக்கிறேன்.

நம் தேசத்துக்கு இது புதிய விஷயமும் அன்று. சென்னை மாகாணத்தின் கவர்னராயிருந்த சர் தாமஸ் மன்றோ 1822-இல் உத்தரவிட்டு எடுப்பித்த கல்விக் கணக்கில், சென்னை நகரத்தில் பள்ளிகளில் கற்றவர்களைவிட வீடுகளில் கற்றவர்கள் ஐந்து மடங்குக்கும் மேற்பட்டவர்கள் என்று வந்தது. அத்தொகையில் ஏதோ பிழையிருக்கலாமென்று மன்றோவே சந்தேகித்தார் என்றாலும், வீட்டில் வித்தியாப்பியாசம் செய்விப்பது அன்றைக்குச் சாதாரண நடைமுறையாயிருந்தது என்பதை அக்கணக்கு மறைக்கவில்லை. அதற்கும் முன்னர், 1789-இல் எழும்பூரிலிருந்த ராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தைக் கண்காணிக்கப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் குழந்தைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதக் கற்பதைக் கண்டு, அதையும், மூத்த மாணவனைக் கொண்டு இளையவர்க்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை வழக்கத்தையும் தம் இல்லத்தில் புகுத்தி, 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்தில் பரவிற்று. 1939-இல் அடையாற்றுக்கு வந்து யுத்த காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கிவிட்ட மரியா மாண்டிசோரி அம்மையாரும், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளின்மேல் குழந்தையின் விரலை ஓடச்செய்து, கண்ணுக்கு முன் கைக்கு எழுத்தைப் பழக்கியவரே. அந்த உப்புத்தாள் எழுத்துகளை இன்று கடையில் வாங்கப் போனால் ஏழை வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. பழவேற்காட்டிலோ வாசலைத் தாண்டினால் மணல்.

மணலுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அதில் எழுதிய பிழை உடனே அழிகிறது. சிவப்பு மையினால் சுழிக்கப்பட்ட நோட்டுப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து எழுத்தறியாத தாயிடம் காட்டக் கூசுகிற பிள்ளை, மணலில் பத்து முறை தவறாக எழுதிப் பதினோராம் முறை சரியாக எழுதுவதற்குத் தயங்குவதில்லை. சட்டாம்பிள்ளையின் இடத்துக்கு இந்தக் குப்பங்களில் மூத்த அக்காள் இருக்கிறாள். எட்டாம் வகுப்புப் படிக்கும் அவள், தம்பிக்குச் சொல்லிக்கொடுப்பதனால் தன் பாடத்தையும் உறுதிப்படுத்திக்கொள்வாள். ஒன்றை மட்டும் மறக்கலாகாது: பழைய திண்ணைப் பள்ளியில் பெண்பிள்ளைகள் மிகச் சிலரே உட்கார்ந்தார்கள். அக்காளைத் தம்பிக்கு உபாத்தியாயினியாக்கி, அவளுடைய சொந்தப் படிப்பை அதற்கு விலையாகக் கொடுப்போமானால், பழைய அநியாயத்துக்குப் புதிய பெயர் வைத்தவர்களாவோம். மாலையில் அரைமணி நேரத்துக்குமேல் அவளிடம் கேட்கக்கூடாது.

இனிச் சாதனங்களுக்கு வருவோம். பழவேற்காட்டு ஏரி, சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்கோடி தமிழகத்திலும் கிடக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாத் தீவு அதற்கும் வங்கக் கடலுக்கும் நடுவே அணையிட்டதுபோல் நீண்டிருக்கிறது. தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காளங்கியும் நன்னீரைக் கொணர, முகத்துவாரத்தின் வழியே கடல் உப்பைக் கொணர்கிறது. வடகிழக்குப் பருவமழைக்குப்பின் ஆற்று முகங்களில் ஏறக்குறைய நல்ல தண்ணீராயிருக்கும் இந்த நீர், கோடை முற்றும்போது சில பகுதிகளில் கடலினும் உப்பேறிப் போகிறது. இதைவிடச் சிறந்த விஞ்ஞானசாலை ஒரு வீட்டுக்கு வேறென்ன வேண்டும்? ஒரே அளவுள்ள தம்ளரால் ஆற்று வாயிலிலிருந்தும், ஏரி நடுவிலிருந்தும், முகத்துவாரத்திலிருந்தும் நீர் மொண்டு மூன்று தட்டுகளில் ஊற்றி வெயிலில் வைத்தால், நீர் வற்றிய பிறகு தட்டில் படியும் உப்பைக் குழந்தை கண்ணால் காணும், நாவால் அறியும். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு என்று நூல் சொல்வதை ஏலக்கடைத் தராசில் நிறுத்துப் பார்க்கலாம். தை மாதத்தில் ஒருமுறை, வைகாசியில் ஒருமுறை செய்து இரண்டையும் சுவரில் எழுதிவைத்தால், முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோனால் இறால் ஏன் குறைகிறது என்று பெரியவர்கள் கவலையோடு பேசுகிற பேச்சின் காரணம் அதற்கு விளங்கத் தொடங்கும்.

கணிதத்துக்குப் ‘பாடு’ இருக்கிறது. ஏரியில் இறால் வலை கட்டும் நல்ல இடங்கள் சிலவே, வலைக்காரர்கள் பலர். எல்லாரும் ஒரே நாளில் ஒரே இடத்துக்குப் போனால் சண்டைதான் மிஞ்சும். ஆகவே தலைக்கட்டுக் கணக்குப்படி முறைவைத்து இடங்களைச் சுற்றிவரச் செய்யும் இந்த ஏற்பாட்டை, பட்டினவர் என்ற மீனவர்களின் குப்பங்கள் தலைமுறை தலைமுறையாக நடத்திவந்திருக்கின்றன. ஆராய்ச்சியாளர்கள் வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் வியந்து எழுதிய விஷயம் இது. நம் கணிதப் புத்தகத்திலோ அதற்கு இடமில்லை. எடுத்துக்காட்டுக்காக ஏழு வலைக்கூட்டங்களும் மூன்று இடங்களும் இருப்பதாக வைத்துக்கொண்டு, நாளைக்கு மூன்று கூட்டமாக வரிசையில் அனுப்புங்கள். ஏழு நாளில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் மூன்று முறை வரும். அம்மூன்றும் மூன்று வெவ்வேறு இடங்களில் அமையும். கூட்டங்களை ஆறாகக் குறைத்துவிட்டு மறுபடியும் வரிசைப்படி அனுப்பினால், முதற்கூட்டம் எத்தனை முறை சுற்றி வந்தாலும் அதே முதலிடத்துக்கே போய்ச் சேரும்; கெட்ட இடம் வாய்த்தவனுக்கு என்றும் கெட்ட இடமே. ஏன்? ஆறை மூன்று மீதியின்றி வகுக்கிறது, ஏழை வகுப்பதில்லை. வகுத்தலும் மீதியும் பொது மடங்கும் கரும்பலகையில் உயிரற்ற சடங்காக இருந்தவை, இங்கே அப்பாவின் முறை எப்போது வரும், எங்கே வரும், அது நியாயமா என்ற கேள்விகளாக மாறிவிடுகின்றன. கூழாங்கல்லையும் கிளிஞ்சலையும் வைத்து ஒன்பது வயதுப் பிள்ளை இதைத் தானே கண்டுபிடிக்கும். வரிசையை எப்படி மாற்றினால் ஆறு கூட்டத்துக்கும் நியாயம் கிடைக்கும் என்ற அடுத்த கேள்வியைத் தாத்தாவிடம் கேட்டுவரச் சொல்லலாம்.

பங்கு பிரிக்கும் கணக்கும் அப்படியே. விற்ற பணத்தில் எண்ணெய்ச் செலவு போக, படகுக்கும் வலைக்கும் உரிய பங்கு போக, மீதி ஆள்களுக்கு என்று வீட்டு முற்றத்தில் நாள்தோறும் பின்னக் கணக்கு நடக்கிறது. குழந்தை அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. பாகத்தால் ஆழம் அளப்பதும், விரலால் வலைக்கண்ணி அளப்பதும் மீட்டருக்கும் சென்டிமீட்டருக்கும் போகும் நேர்ப்படிகள்.

ராக்கெட் ஏவுதளத்தின் அண்டையில் வாழும் குழந்தைகளுக்கு இன்னொரு பாடமும் ஆகாயத்திலிருந்தே இறங்குகிறது. 2023 ஜூலை 14-ஆம் தேதி சந்திரயான்-3 கிளம்பியது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான். ஏவுகிற நாள்களில் கடலில் இறங்கலாகாதென்று தடை வரும். குடும்பத்தின் வருமானத்தைத் தொடுகிற அந்த நாளைப் படிப்புக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம். பழவேற்காட்டிலிருந்து ஏவுதளம் சுமார் 35 கிலோமீட்டர். நெருப்பைக் கண்ட கணத்திலிருந்து எண்ணத் தொடங்கினால், இடியோசை வந்து சேர ஒன்றரை நிமிஷத்துக்குமேல் ஆகும். ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது என்பதை வைத்துப் பெருக்கினால், அளவுகோல் இல்லாமலே ஏவுதளத்தின் தூரத்தைக் குழந்தை அளந்துவிடும். எந்த விலையுயர்ந்த சாதனப் பெட்டியும் இதைக் கொடுக்காது.

சரித்திரத்துக்கு, 1613-இல் டச்சுக்காரர் எழுப்பிய கெல்டிரியாக் கோட்டையின் சிதைவும், வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கும் அவர்களுடைய கல்லறைத் தோட்டமும், பள்ளிவாசலிலுள்ள சூரியக் கடிகாரமும், ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் விரலளவில் செதுக்கிய ராமாயணச் சிற்பங்களும், மகிமை மாதா ஆலயமும் ஒரே பகலில் நடந்து பார்க்கும் தூரத்தில் இருக்கின்றன. பல சமயத்தாரும் பல மொழியினரும் ஏன் இந்தச் சிறு துறைக்கு வந்தார்கள் என்று கேட்கப் பழக்கிவிட்டால் போதும். மரைக்காயர் வீட்டுப் பெண்கள் பனையோலையில் பின்னும் பெட்டிகளின் கோலங்களிலிருந்து வடிவகணிதம் வரும். கார்த்திகைக்குமேல் வந்திறங்கும் பூநாரைகளின் வளைந்த அலகிலிருந்து உயிரியல் வரும். இவற்றை விரித்துக்கொண்டே போகலாம்.

இவ்வகைப் பொருளை நூலாக்கும் முயற்சி இந்தக் கடற்கரையில் முன்பே நடந்திருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு நடத்தத் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், 1980-களில் தமிழக மீனவருக்கான முறைசாராக் கல்விப் பாடங்களையும் பயிற்றுநர் கையேடுகளையும் தயாரித்தது. ஒரிசாவில் மீனவர் குழந்தைகளின் ஆரம்பக் கல்விக்கும் அவ்வாறே முயன்றது. பாடத்தை மேலிருந்து இறக்காமல் மீனவரோடு கலந்து பேசி அமைக்கும் பங்கேற்பே அதன் ஆதார எண்ணம். அதே எண்ணத்தை இன்று ஒரு குப்பம் பெருஞ்செலவில்லாமல் நிறைவேற்றலாம். மீன்களின் பெயர்கள், வாடை, கச்சான், கொண்டல் என்ற காற்றுகள், வன்னி, தெண்டி என்ற நீரோட்டங்கள், வலைகளின் வகைகள், ஏரியின் ஒவ்வொரு மூலைக்கும் பெரியவர்கள் வைத்த பெயர்கள் ஆகியவற்றைப் பிள்ளைகளே கேட்டு, எழுதி, படம் வரைந்து தைத்துக்கொண்ட புத்தகம், எந்த அச்சகமும் தர இயலாத முதல் வாசகம். எழுதத் தெரியாத பாட்டி அதில் ஆசிரியராகிறாள். பேரப்பிள்ளை அவளுக்குப் படித்துக் காட்டும்போது, பிழையான பெயரை அவளே திருத்துவாள்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு பழைய காயத்தைத் தொடாமல் மேலே செல்வது நேர்மையாகாது. 1953-இல் சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சராயிருந்த ராஜாஜி, கிராம ஆரம்பப் பள்ளிகளின் நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் குழந்தைகள் வீட்டிலும் ஊரிலும் தொழில் பழக வேண்டுமென்று ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தார். இருக்கிற ஆசிரியர்களைக் கொண்டே இரு மடங்கு குழந்தைகளைப் படிக்கவைக்கலாம் என்பது அவர் எடுத்துரைத்த நியாயம். நாடு அதைக் குலக்கல்வித் திட்டமென்று அழைத்துக் கொதித்தெழுந்தது, பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்ததோடு, காங்கிரஸுக்குள்ளேயும் எதிர்ப்பு வலுத்தது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது. மீனவன் மகன் மீனவனாகவும் சலவையாளன் மகன் சலவையாளனாகவும் நிற்கவே இது வழிசெய்யும் என்ற அச்சம் ஆதாரமற்றதாக இருக்கவில்லை. ஏரியையே பாடப்பொருளாக்கச் சொல்லும் என்போன்றவர்களிடம், நீங்களும் அதைத்தானே சொல்கிறீர்கள் என்று ஒரு மீனவத் தாய் கேட்டால், அவள் கேள்விக்கு உரிய மரியாதையோடு பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

என் பதில் இது. 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியில், கைத்தொழில் எல்லாக் குழந்தைக்கும் உரிய அறிவின் வாயில். பண்டிதர் மகனும் நூற்க வேண்டும், நெசவாளர் மகளும் விஞ்ஞானம் கற்க வேண்டும். 1953-இன் ஏற்பாட்டில் பள்ளியின் நேரம் குறைந்து, குழந்தை வீட்டை நோக்கித் திருப்பியனுப்பப்பட்டது. இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள பேதத்தை உரைத்துப் பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு: ஏரியிலிருந்து எடுத்த பாடம் குழந்தையை எங்கே கொண்டுபோய் விடுகிறது? பாடுக் கணக்கு வகுத்தலின் விதியில் முடிய வேண்டும். உப்புத் தட்டு வேதியியலில் முடிய வேண்டும். மீன்பெயர்ப் புத்தகம் நூலகத்துப் புத்தகங்களில் முடிய வேண்டும். வலை பின்னுவதில் தொடங்கி வலை பின்னுவதிலேயே முடியும் பாடம் எவ்வளவு சுவையாயிருந்தாலும் அதை நான் தேர்ந்தெடுக்கமாட்டேன். குழந்தைத் தொழில் சட்டத்துக்கு 2016-இல் செய்த திருத்தம், பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளை பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவலாமென்று இடம் கொடுத்திருக்கிறது. அந்த இடைவெளி இறால் மிகுதியாக விழும் மாதங்களில் எவ்வளவு எளிதாக விரிந்துவிடும் என்பதைக் கரையில் உள்ளவர்கள் அறிவார்கள். வீட்டுக் கல்வி என்ற பெயர் அந்த விரிவுக்குத் திரையாகிவிடக் கூடாது.

முறையைப்பற்றிச் சொல்லவேண்டியது, குழந்தையை வகுப்பால் அளக்காமல் நிலையால் அளக்க வேண்டுமென்பதே. ஆந்திரத்தில் ரிஷிவாலிப் பள்ளியினர் தங்கள் சுற்றுப்புறக் கிராமங்களுக்காக வகுத்த அட்டைமுறையை ஒட்டி, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அதிகாரி எம். பி. விஜயகுமார் தொடங்கிவைத்த செயல்வழிக் கற்றல், 2007-08-இல் தமிழகத்து அரசு ஆரம்பப் பள்ளிகளெங்கும் பரவியபோது, ஒரே பாயில் ஒவ்வொரு குழந்தையும் தன் படியில் நின்று ஏறலாம் என்ற எண்ணம் வேரூன்றிற்று. 2022 ஜூன் 13-ஆம் தேதி இதே திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ இயக்கம், அதை அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலைகளாக அமைத்தது. ‘அசர்’ என்ற கல்விநிலை ஆய்வின்படி தமிழகத்தில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கக்கூடிய மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 2018-இல் நூற்றுக்குப் பத்துப் பேர். 2022-இல் ஏறத்தாழ ஐந்து பேர். அந்த ஐவரைத் தவிர்த்த மற்றவர்களுக்கு வகுப்புக்குரிய புத்தகத்தை மாலையிலும் கையில் திணிப்பது கொடுமை. வீட்டுக்குள் மூன்று பிள்ளைகள் மூன்று வயதில் இருக்கும்போது நிலைமுறை ஒன்றே சாத்தியமாகும்.

நிலையை அறியத் தேர்வு வேண்டாம். தமிழின் 247 எழுத்துகளையும் வரிசையாக ஒப்பிக்கிற பிள்ளைக்கு, ‘படகு’ என்று மணலில் எழுதிக் காட்டினால் படிக்கத் தெரிகிறதா என்று பார்த்தால் போதும். பல பிள்ளைகள் ஒப்பிக்கும், படிக்காது. அவர்களுக்கு உயிர்வரிசையை மறுபடி முதலிலிருந்து முழங்கச் செய்வது வீண் பிரயாசை. எளிய வடிவமுள்ள ப, ட, ம, வ, ல என்பவற்றைக் கொண்டு வீட்டில் புழங்கும் சொற்களை அமைத்து, பிறகு ஒவ்வொரு குறியாகச் சேர்த்து ‘வலை’, ‘மடவை’ என்று போகலாம். ஏரியின் வடபாகத்தை ஒட்டிய ஊர்களில் வீட்டுமொழி தெலுங்காயிருக்கும் குழந்தைக்கோ, முதலில் வாய்மொழியாகக் கதை, பிறகு எழுத்து; சென்னையிலுள்ள தூலிகா போன்ற பதிப்பகங்கள் வெளியிடும் இருமொழிப் படப்புத்தகங்கள் அங்கே மிகவும் பயன்படும். 1987 முதல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்திவரும் ‘துளிர்’ இதழும், ஸ்டோரிவீவர் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் தமிழ்க் கதைகளும் காசு குறைந்த வீட்டின் உண்மையான நண்பர்கள். வாங்குவதற்கென்று நூறு ரூபாய்தான் இருக்குமானால், பயிற்சி ஏடுகளை வாங்காமல் கதைப்புத்தகங்களை வாங்குங்கள் என்றே சொல்வேன்.

எழுத்தறியாத தாய் என்ன செய்வது என்ற கேள்வி எஞ்சுகிறது. அவள் கேட்க வேண்டும். நாளும் பத்து நிமிஷம் பிள்ளை உரக்கப் படிக்க அவள் மீனை ஆய்ந்தபடியே கேட்டு, அப்புறம் என்ன ஆயிற்று என்று வினவினால், பொருள் தெரியாமல் எழுத்துக்கூட்டும் வழக்கம் பிள்ளையை விட்டு நீங்கும். இதற்குப் படிப்பு வேண்டியதில்லை, சிரத்தை வேண்டும். அது இந்தத் தாய்மாரிடம் குறைவில்லை.

சட்டத்தைப் பொறுத்தமட்டில், 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுவரை அண்மைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமையாக்குகிறது. தவறியவரைத் தண்டிக்கும் விதி அதில் இல்லை. இக்குப்பங்களில் பள்ளியை விட்டு வீட்டில் மட்டும் கற்பிக்குமாறு நான் யாருக்கும் சொல்லமாட்டேன். பள்ளியில்தான் காலையுணவும் மதிய உணவும் சான்றிதழும் தோழமையும் இருக்கின்றன. ஆனால் ஏற்கெனவே நின்றுவிட்ட பிள்ளைக்கு வழி அடைபடவில்லை. பன்னிரண்டரை வயது நிரம்பியவர் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். 1989-இல் நிறுவப்பெற்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளியும் மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு ஈடான படிகளை வைத்திருக்கிறது. பூப்பெய்தியபின் வீட்டோடு நிறுத்தப்பட்ட பெண்ணுக்கு இந்தச் செய்தியைக் கொண்டுசேர்ப்பது ஒவ்வொரு தன்னார்வலரின் முதற்கடமை.

எல்லாருக்கும் பின்னால் நிற்பவர்கள் இருளர் வீட்டுக் குழந்தைகள். பறி என்ற கூடையைப் பல்லில் கவ்வியபடி சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் அவர்களுடைய தாய்மார், ஏரியின் அடித்தரையை வேறெவரினும் நுட்பமாக அறிந்தவர்கள். பாடு முறையில் அவர்களுக்கு இடமில்லை, சாதிச் சான்றிதழுக்கு அலைகிறார்கள், பிழைப்புக் குன்றினால் செங்கற்சூளைகளுக்குக் குடிபெயர்கிறார்கள். சூளைக்குப் போன குழந்தைக்குப் பள்ளி நின்றுபோகிறது. திரும்பி வரும்போது அது வகுப்பில் மேலே ஏறியிருக்கும், படிப்பில் கீழே இறங்கியிருக்கும். வீட்டுக் கல்வியின் முறையும் சாதனமும் மிகக் கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய இடம் இந்தக் குழந்தையின் வீடுதான். அரும்பு, மொட்டு, மலர் ஏடுகள் வகுப்பறை அலமாரியில் தங்கிவிடாமல் குடும்பத்தின் மூட்டையோடு சூளைக்குப் போக வேண்டும். குழந்தை எந்தப் பக்கத்தில் நிறுத்தியது என்பதை ஆசிரியர் முன்னட்டையில் குறித்து அனுப்பினால், சூளையை அடுத்த ஊரின் ஆசிரியரோ தன்னார்வலரோ மறுநாள் மாலையே அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கலாம்.